கடல் கடந்து வந்த உயிர்கள்



முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே சென்றால், தாமிரவருணி கடலொடு கலக்கும் இடத்துக்கு அருகே பழையகாயல் என்னும் சிற்றூரைக் காணலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது பாண்டியரின் பெருந்துறைமுகம். நம் முத்துக்கள் மேலைநாடுகளுக்குச் சென்றன. அரேபிய, பாரசீகக் குதிரைகள் இங்கு வந்து இறங்கின. ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை கொடுக்கப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கிறார்.

1290-களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ கூறுவது நெஞ்சை உறுத்துகின்றது. மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாவாம். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினார்கள். குதிரை வைத்தியம் அறிந்தவர் இலர். குதிரைகள் மாளமாள விற்பனை பெருகும் என்பதால், வைத்தியர் எவரும் இங்கு வராதபடி வணிகர் பார்த்துக்கொண்டனராம். இக்கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் வளர்க்கும் முறை அறியாது வாங்குவோரின் அறியாமை விற்போருக்கு ஆதாயம் என்னும் உண்மை இன்றும் மாறவில்லை.

வேண்டாத உயிரைக் கைவிடுவதால் விளையும் கேட்டுக்கும் சரித்திரச் சான்று உண்டு. 1847-ல் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து கொணர்ந்த ஆப்பிரிக்கப் பெருநத்தைகள், கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை நாடெங்கும் பரவி, இன்று வாழையையும் பப்பாளியையும் காய்கறிப் பயிர்களையும் அழிக்கின்றன.

இனிச் சட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் 1873-ல் காட்டியானைகளைக் காக்கச் சட்டம் பிறந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லும் வந்தன. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது இன்று குற்றமாகும். ஆனால் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டு உயிர்களையே கருத்தில் கொண்டது. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வாணிகம் பற்றி 1973-ல் வாஷிங்டனில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. அதன் பின்னரும், சுங்கத்தைக் கடந்து வீட்டுக்குள் வந்துவிட்ட அயல்நாட்டுக் கிளியையோ ஆமையையோ பற்றிக் கேட்பார் பெரும்பாலும் இல்லை.

2020-ல் மத்திய அரசு, அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் தாமே முன்வந்து அறிவிக்க ஆறு மாதத் தவணை அளித்தது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அவ்வுடன்படிக்கையில் அடங்கிய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். இதற்கான விதிகள் 2024-ல் வெளிவந்தன. உடைமைச் சான்று பெற்ற விலங்கைப் பேண இயலாதவர், அதனைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கவும் அத்திருத்தம் வழி செய்துள்ளது. அதற்கு ஈட்டுத்தொகை கிடையாது. விலங்கு அரசின் பொறுப்பாகிவிடும்.

இவ்வழி இருக்க, அலுத்துப்போன ஆமையைக் குளத்திலும் வளர்ந்துவிட்ட மீனை ஆற்றிலும் விடுவதைச் சிலர் புண்ணியமாக எண்ணுகின்றனர். அங்கு அவ்வுயிர் பட்டினியால் மடியலாம். பிழைத்துப் பெருகினாலோ நம் நீர்நிலைகளில் பிறந்த உயிர்களின் இரையைப் பறிக்கும். முறைப்படி வேறொரு தகுதியுள்ள கையில் சேர்ப்பதே அறம். ஐயமிருப்பின் வனத்துறை அலுவலகத்தை முதலில் அணுகுதல் நன்று.

வாங்குமுன் எண்ணுதல் அதனினும் நன்று. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. அறுபதைக் கடந்த என் போன்றோர் இன்று ஒரு குஞ்சை வாங்கினால், அதன் முதுமைக் காலத்தில் அதற்கு உணவளிப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தெரியாதவர் அதனை வாங்காதிருத்தலே முறை.