பிடி அரிசி: நம் முன்னோர் காத்த அறம்

இறைவனின் பெருங்கருணையால் நம் பங்கு ஜூபிலி காணும் இவ்வேளையில், கோவில் எழுந்த வரலாற்றையும், பீடம், மணிக்கூண்டு, கெபி ஆகியவற்றுக்குப் பொருளுதவி செய்தோரின் பெயர்களையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வாசகர்கள் காண்பார்கள். அவர்களை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை. ஆனால் எந்தச் சலவைக்கல்லிலும் பெயர் பொறிக்கப்படாத ஒரு கூட்டமும் நம்மிடையே இருந்தது. அவர்கள் நம் பாட்டிமார். அவர்கள் தந்தது பிடி அரிசி.

இளைய தலைமுறையினருக்கு இந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். அன்றாடச் சமையலுக்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவார்கள். அதன் பிறகே மீதி அரிசி உலைக்குப் போகும். கலயத்தில் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமையன்று கோவிலுக்கு வரும். அங்கிருந்து ஏழை வீடுகளுக்குப் போகும். ஒரு பிடி என்பது ஏறக்குறைய ஐம்பது கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரை கிலோ. நூறு வீடுகள் சேர்ந்தால் நூற்றைம்பது கிலோ. எந்த வீட்டுக்கும் அது பெரிய இழப்பன்று. ஆனால் பத்துக் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரியும்.

இதில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது அந்தப் பிடி எடுக்கப்படும் நேரம். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. உலையில் இடுவதற்கு முன்பே எடுத்து வைப்பது வேறு. முன்னதில் ஏழைக்குக் கிடைப்பது நம் மிச்சம். பின்னதில் அவனும் அந்த வீட்டுப் பந்தியில் ஓர் ஆளாக எண்ணப்படுகிறான். எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் புகழ்ந்ததும் இக்காரணத்தால்தான். மற்றவர்கள் மிகுதியிலிருந்து போட்டார்கள்; அவளோ தன் பிழைப்புக்கு உரியதிலிருந்து போட்டாள்.

நாம் வாழும் இத்திருச்சிராப்பள்ளி மண்ணுக்கும் அறத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. காவிரிக்கு அக்கரையில் உள்ள திருவரங்கத்தில், கோவிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை ஒன்று நடந்து வந்தது. பழுதுற்றுக் கிடந்த அதனைக் கருடவாகன பட்டர் என்பவர் சீர்படுத்தியதை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அங்குள்ள தன்வந்திரி சந்நிதி இன்றும் அதை நினைவூட்டுகிறது. பெருஞ்செல்வராயிருந்த கூரத்தாழ்வான் தம் உடைமையையெல்லாம் துறந்து திருவரங்கம் வந்து, வீடுதோறும் கிடைத்த பிடி அரிசியால் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. கொடுக்கும் கை மட்டுமல்ல, ஏந்தும் கையும் மதிப்புக்குரியது என்பதை நம் அண்டை வீட்டார் இவ்வாறு அறிந்திருந்தனர்.

1689 முதல் 1706 வரை ஆட்சி புரிந்த இராணி மங்கம்மாள் சாலைகளும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றார். நம் நகரில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பஸ் ஏறும் இடத்துக்குச் 'சத்திரம்' என்றே பெயர். பசித்து வந்தவனுக்குச் சோறும் படுக்க இடமும் தந்த ஓர் ஏற்பாட்டின் பெயர் அது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

1763-இல் திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகப் பொருள் திரட்டிப் பள்ளி தொடங்கினார் சுவார்ட்ஸ் ஐயர். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அவரை நினைவுகூர்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. பின்னர் அவர் தஞ்சையில் இருந்தபோது ஐதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் வந்தன. பஞ்சம் வருமுன்பே அவர் தானியம் வாங்கிச் சேமித்து வைத்திருந்தபடியால் பலரின் உயிர் காக்கப்பட்டது. முன்னதாக எடுத்து வைத்தவனே ஆபத்து வேளையில் கொடுக்க முடியும்.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1858-இல் இத்திருச்சியில் அன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண், தம்மைப் போன்ற கைம்பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு கூட்டமாக வாழத் தொடங்கினார். கைம்பெண் எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஊரார் ஒதுங்கிய காலம் அது. தமக்கே ஆதரவில்லாத அப்பெண்கள் பிறருக்கு ஆதரவாக எழுந்தார்கள். அந்தச் சிறு கூட்டமே புனித அன்னாள் கன்னியர் சபையாக வளர்ந்தது. உள்ளவர்களே கொடுக்க வேண்டும், இல்லாதவர்கள் பெற வேண்டும் என்ற கணக்கை அன்னம்மாள் அன்றே மாற்றி எழுதிவிட்டார்.

உலகின் மற்றப் பகுதிகளிலும் இதே உண்மையைக் காண்கிறோம். 1833-இல் பாரிஸ் நகரில், இருபது வயது மாணவரான பிரெடரிக் ஓசானாமை நோக்கி, "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்ற பொருள்படச் சிலர் ஏளனமாகக் கேட்டனர். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை; நண்பர்களுடன் ஏழைகளின் வீடு தேடிப் போனார். வின்சென்ட் தே பவுல் சபை இப்படித்தான் பிறந்தது. அச்சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வரும்; யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. ஓசானாமுக்கு 1997-இல் முத்திப்பேறு பெற்றவர் என்ற சிறப்பு வழங்கப்பட்டது. வடகிழக்கே மிசோரம் மாநிலத்தில், பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து வருகின்றனர். ஏழ்மையில் தொடங்கிய அவ்வழக்கம் அவர்கள் சபைப் பணிகளுக்குப் பெரும் ஊற்றாக விளங்குகிறது. அங்கே நிலைத்தது இங்கே ஏன் மறைந்தது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்பர்கள் சிலர் சொல்லக்கூடும்: "இன்று அரிசிக்கா பஞ்சம்? ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைக்கிறதே!" உண்மைதான். பள்ளிப் பிள்ளைகளின் பசி தீர்க்க எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி வைத்ததே நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். 2011 முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசி இலவசமாகவே வழங்கப்படுகிறது. நம் பாட்டிமார் கலயத்தில் செய்ததை அரசு பெரிய அளவில் செய்கிறது என்றால் நாம் மகிழ வேண்டும். ஆயினும் அதைக் காரணம் காட்டி நாம் கையை மடக்கிக்கொள்ளலாமா?

பசி இடம் மாறியிருக்கிறது. அரசு மருத்துவமனை வாசலில், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நோயாளியோடு வந்து, மரத்தடியில் துணி விரித்துப் படுத்திருப்போரைப் பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு உணவு உண்டு. வெளியே காத்திருப்பவருக்கு யார் தருவார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பணம் மட்டும் மாதந்தோறும் வந்து, பேச ஆளில்லாமல் வாடும் முதியோர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியின் முதலாண்டோடு நின்றுபோன பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். இவர்களுக்கு எந்த ரேஷன் அட்டையும் போதாது. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு பருவக் கட்டணம்: இன்றைய பிடி அரிசி இவையே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலயத்தில் ஒரு பிடி போட்டுவிட்டு, வீட்டு வேலை செய்யும் அம்மாளின் கூலியில் இரண்டு நாளைப் பிடித்துக்கொள்வோமானால் அது தர்மம் ஆகாது. 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பவனுக்கு நியாயமான கூலி தருவது நீதி என்றும், நம் தேவைக்கு மிஞ்சியதை ஏழையோடு பகிர்வது கடமை என்றும் போதித்தது. நீதியைச் செலுத்திவிட்டுத்தான் தர்மத்துக்குக் கை நீட்ட வேண்டும். துப்புரவுத் தொழிலாளருக்கும் காய்கறிக் கூடைக்காரிக்கும் உரியதை மனம் கோணாமல் கொடுப்பதும் பிடி அரிசியைச் சேர்ந்ததே.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் அடியோடு அற்றுப்போகவில்லை. அந்த ஒரு வேளை மிச்சம் யாருக்குப் போகிறது? நம் பெட்டியிலேயே தங்குமானால் அது சிக்கனமேயன்றித் தவம் அன்று என நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் ஒன்று செய்வோம். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் மீண்டும் ஒரு சிறு கலயம் வைப்போம். விரும்புவோர் அரிசி போடட்டும். குக்கர் வைக்கும் அவசரத்தில் இருப்போர் அதற்கீடான காசு போடட்டும். போடுவது பிள்ளைகளின் கையாக இருக்கட்டும்; பழக்கம் அவர்களிடம் தொடங்கினால்தான் அடுத்த ஜூபிலி வரை நிற்கும். அன்பியம்தோறும் அதைச் சேர்த்துத் தேவைப்படும் இடத்துக்கு நாமே கொண்டு சேர்ப்போம். யார் எவ்வளவு தந்தார் என்று கோவிலில் வாசிக்கவும் வேண்டாம். யார் பெற்றார் என்று பேசவும் வேண்டாம்.

'பங்கு' என்று நம் ஊர்ச் சபையை அழைக்கிறோம். பாகம் என்பதும் அச்சொல்லுக்குப் பொருள். நம் உலையில் ஏழையின் பாகம் இருக்கும்வரை நாம் உண்மையில் ஒரு பங்காக இருப்போம். மணிக்கூண்டும் மின்விளக்குத் தோரணமும் கண்ணுக்கு அழகு. ஆயினும் விழா முடிந்து தோரணம் இறங்கிய பின்னும் எரிய வேண்டியது அயலான் வீட்டு அடுப்பு. அந்த வரத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.