பாளையத்துக் குதிரை

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் ஆங்கிலேயத் துருப்புகளின் பாளையம் இருந்ததையும், பின்னாளில் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் கொண்ட ஊரானதையும் நினைத்தால், பட்டாளத்து நிழலில் வளர்ந்த ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் வித்தையின் பூர்வகதையை இவ்வட்டாரத்தை முன்னிட்டுப் பேசுவது பொருத்தமற்றதாகாது.

நெப்போலியனிடம் தோற்று மானமிழந்து கிடந்த பிரஷ்ய தேசத்து வாலிபர்களை யுத்தத்திற்கு உரம்பெறச் செய்யவேண்டும் என்ற சங்கல்பத்துடன், 1811-இல் பெர்லினை அடுத்த ஹாசன்ஹைடே திடலில் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற உபாத்தியாயர் பழக்கத் தொடங்கிய அப்பியாசங்களிலிருந்து வளர்ந்தவையே இன்றைய பேரலல் பாரும் ஹரிசாண்டல் பாரும். ஆடவருக்குரிய ஆறு பிரிவுகளில் தன் பூர்வீகத்தைச் சற்றும் மறைக்காதது குதிரை என்னும் கருவிதான். தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் அதன் முதுகிலுள்ள இரு கைப்பிடிகளும் சேணத்து மேடுகளின் எச்சங்களே. அவற்றை மாறி மாறிப் பற்றியும் விட்டும், மக்னீசியப் பொடி பூசிய உள்ளங்கைகளில் தேகபாரம் முழுவதையும் தாங்கி, கால்கள் எதிலும் உரசாதபடி வட்டமிடுகிறவன், மரக்குதிரையில் ஏறி இறங்கப் பழகிய பழைய குதிரைவீரனின் சாதகத்தையே, அறிந்தோ அறியாமலோ, தொடர்கிறான்.

1860-இல் ஆங்கிலேய ராணுவம் 12 சார்ஜென்டுகளை ஆக்ஸ்போர்டில் மக்லாரன் என்ற பயிற்சியாளரிடம் அனுப்பிப் பயிற்றுவித்தபின், இவ்வித்தை அதன் படைவீரர் பயிற்சியில் ஓர் அங்கமாயிற்று. நம் கழைக்கூத்தாடியின் பிள்ளைகளோ அதற்கு வெகுகாலம் முன்பே சந்தைத் தெருவில் அந்தர்பல்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் காசு போட்டார்களேயன்றி, மார்க் போடவில்லை.

தேகப்பயிற்சி சாஸ்திரமாகப் போதிக்கப்பட்டதற்கு, 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அங்கே பயின்று வெளிவந்த டிரில் மாஸ்டர்களுக்கோ பெரும்பாலும் வாய்த்தவை ஒரு விசிலும் மணல்தரையும்தான்; கருவிகள் வாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு வசதி ஏது?

இவ்வட்டாரத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த அதே 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபெற்ற இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களுக்குப் பிறகு, 52 ஆண்டுகள் கழித்துத்தான் அகர்தலாவின் தீபா கர்மாகர் ரியோவை எட்டி, புரொடுனோவா என்னும் அபாயகரமான இரட்டைப் பல்டியை நிகழ்த்தி, வெண்கலத்தை 0.15 புள்ளியில் தவறவிட்டு நான்காமிடம் பெற்றார். பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு அமைத்த கருவியில் அவர் ஆரம்பத்தில் பழகினார் என்பார்கள். வாகன பாகங்களுக்குப் பேர்போன அம்பத்தூரில் அத்தகைய சாமான்களுக்குப் பஞ்சம் இருந்ததேயில்லை.