கண்டென்சினும் கோஹெசினும்

செல் பிரியும்போது குரோமோசோம்களைச் சுருக்கித் திரட்டும் புரதத் தொகுதி கண்டென்சின். இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகளையும் உரிய நேரம் வரும்வரை பிணைத்து வைத்திருப்பது கோஹெசின். அமைப்பில் இவை நெருங்கிய உறவுடையவை, இரண்டும் எஸ்.எம்.சி. எனப்படும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

மனித செல்லின் உட்கருவில் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. 46 குரோமோசோம்களாக அடங்கியிருக்கிறது. பிரிவுக்கு முன் அது இரு மடங்காகிறது. இவ்வளவு நீண்ட இழை அறுபடாமல், ஒன்றோடொன்று சிக்காமல் இரு சேய் செல்களுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் முதலில் அது குட்டையாக, தடிமனாக மாற வேண்டும். சிக்கெடுக்கும் வேலையை டோப்போஐசோமரேஸ் 2 என்ற நொதி செய்கிறது. அது ஓர் இழையை வெட்டி, மற்றதை அதன் வழியே செலுத்தி, மீண்டும் ஒட்டிவிடும்.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் தட்சுயா ஹிரானோவின் குழு 1997இல் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் சாற்றிலிருந்து கண்டென்சினைப் பிரித்தெடுத்தது. அதை நீக்கிய சாற்றில் குரோமோசோம்கள் முறையாகத் திரளவில்லை. ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது நெடுநாள் விவாதமாகவே இருந்தது. கிணற்றுக் கயிற்றை இழுக்க இழுக்க அது காலடியில் வளையமாகக் குவிவதுபோல, கண்டென்சினும் டி.என்.ஏ.வைப் பற்றி இழுத்து வளையமாக்குகிறது என்ற கருத்துக்கு 2018இல் நேரடிச் சான்று கிடைத்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கேஸ் டெக்கரின் குழுவினர், ஈஸ்ட் கண்டென்சின் மூலக்கூறு ஒன்று ஏ.டி.பி. ஆற்றலைக் கொண்டு விநாடிக்கு 1,500 கார இணைகள் வரை இழுப்பதை நுண்ணோக்கியில் படம்பிடித்தனர். இத்துறையின் மிக அழகான சோதனைகளுள் இது ஒன்று.

பிரிக்கும் கட்டத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. எல்லாக் குரோமோசோம்களும் அவற்றை இழுத்துச் செல்லும் கதிர் இழைகளோடு சரியாக இணைந்த பிறகே செக்யூரின் என்ற தடைப்புரதம் சிதைக்கப்படுகிறது. அதனால் விடுபடும் செப்பரேஸ் நொதி கோஹெசினை வெட்ட, இரு பிரதிகளும் எதிரெதிர் முனைகளுக்குச் செல்கின்றன. அவசரப்பட்டு வெட்டினால் ஒரு செல்லில் குரோமோசோம் கூடும், மற்றதில் குறையும்.

பெண்ணின் முட்டைச் செல்களில், அவள் பிறப்பதற்கு முன்பே கோஹெசின் பிணைப்பு அமைந்துவிடுகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் கண்டறிந்துள்ளனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பிணைப்பு தளர்கிறது. தாயின் வயது கூடும்போது, ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு உயர்வதற்கு இத்தளர்ச்சி ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.