வட்டார எல்லையும் வாவியும்: குருக்கள்மடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றில் வி. கனேசலிங்கத்தின் ஆங்கில நூலைத் தவிர்த்துவிட்டு எதையும் எழுத முடியாது. 1971இல் வெளிவந்த அந்நூல், 1865 முதல் 1965 வரையான நூறாண்டைத் தன் பொருளாக வகுத்துக்கொண்டது. நாடு முழுவதையும் ஒரே பார்வையில் கொண்டுவந்த உழைப்பு அது. அந்த உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. மாறுபாடு அதன் ஆண்டெல்லையோடுதான். வரலாற்றை எங்கே தொடங்குகிறோம் என்பது வெறும் வசதிக்கான தெரிவு அன்று. எது முதன்மை, எது பின்வந்தது என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் இருக்கும் குருக்கள்மடத்தில் நின்று பார்த்தால் 1865 ஒரு தொடக்கமாகத் தெரிவதில்லை. அந்த ஆண்டெல்லையை ஏற்றுக்கொண்டால் இன்றைய வட்டார எல்லை நிர்ணயச் சிக்கலின் வேரும் கண்ணுக்குப் படாமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1865இன் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாநகர சபைகளுக்கானது. கொழும்பும் கண்டியும் அதன் முதற்பயனாளிகள். அங்கிருந்து தொடங்கும் வரலாற்றில், நகரத்தில் பிறந்த மன்றம் சிறு நகரத்துக்கு இறங்கி, ஈற்றில் கிராமத்தை அடைகிறது. கிராமம் கடைசியாக வந்த வாரிசாகிறது. இந்த வரிசை நகரங்களுக்குப் பொருந்தலாம். நெல்வயலை நம்பிய கிழக்கு மாகாணத்துக்கு அது பொருந்தாது. 1865க்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, ஆளுநர் ஹென்றி வோட் காலத்தில், 1856இன் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வயற்காரர் கூடித் தங்கள் பழைய நீர்ப்பாசன வழமைகளை ஏற்று நடத்த அது இடம் கொடுத்தது. வோட் தன் நீர்ப்பாசனத் திட்டங்களில் தனிக் கவனம் செலுத்திய பகுதிகளில் மட்டக்களப்பும் ஒன்று. 1871இன் 26ஆம் இலக்கக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் அந்த அடித்தளத்தின் மேல்தான் கிராம மன்றத்தை எழுப்பியது. ஆக, இங்கே மன்றத்துக்கு முன்னரே எல்லை இருந்தது. வட்டை எனப்படும் வயற்பரப்பில் யாருடைய நீர் யாருடைய வரம்பில் நிற்கிறது என்பதைத் தீர்க்கும் எல்லை அது. அதைப் பார்த்துக்கொள்ள வட்டை விதானையும் இருந்தார்.

1856ஐயும் 1871ஐயும் முன்வரலாறாக வைத்துக்கொண்டு நூறாண்டை 1865இலிருந்து எண்ணினால் என்ன குறை என்று கேட்கலாம். முன்வரலாறு என்று ஒதுக்கியதும், எல்லை என்பது மன்றம் தனக்காக வரைந்துகொண்ட கோடு போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்பில் நடந்தது வேறு. எல்லை முன்னரே இருந்தது. மன்றங்கள் அதன் மேல் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அமர்ந்தன. 1924இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் கிராமக் குழுவுக்குத் தெரிவுமுறை கிடைத்தபோதும், 1938இன் திருத்தத்தால் அனைவருக்குமான வாக்குரிமை அதற்கு வந்தபோதும், விரிந்தவை அதிகாரமும் வாக்காளர் பட்டியலும்தான். தரை அதே தரை.

அந்தத் தரையின் பெயர்களே இதற்கு நான் முன்வைக்கும் முதன்மைச் சான்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்முனை என்ற பெயரைத் தாங்கிய பிரதேசப் பிரிவுகள் இன்று ஐந்து: மண்முனை வடக்கு, மண்முனைப் பற்று, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனை தெற்கு எருவில் பற்று. இவற்றில் மேற்கும் தென்மேற்கும் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் உள்ளன. மற்றவை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையைச் சார்ந்தவை. வாவியின் இரு கரையிலும் ஒரே பெயர் பரவிக் கிடப்பது, மண்முனை ஒரு காலத்தில் வாவியைக் கடந்த ஒரே பற்றாக, அதாவது ஒரே நிர்வாகப் பிரிவாக, ஆளப்பட்டதன் எச்சம் என்று கொள்கிறேன். பின்னாள் அலுவலகங்கள் திசைப்பெயரைச் சேர்த்துக் கிடைத்த பெயரை நீட்டிக்கொண்டன என்று இதை மறுக்கலாம். மறுப்பு வலியதுதான். ஆனால் நிர்வாக வசதிக்காக மட்டும் பெயர் நீட்டப்பட்டிருந்தால், அக்கரைக்கு அக்கரையின் ஊர்ப்பெயர் ஒன்றைக் கொடுப்பதே எளிது. எருவில், போரதீவு என்ற பற்றுப்பெயர்கள் அப்படித்தான் ஊர்ப்பெயரால் நிற்கின்றன. படுவான்கரையின் இரு பிரிவுகள் மட்டும் எழுவான்கரை ஊரொன்றின் பெயரை விடாமல் பிடித்திருப்பது தற்செயல் ஆகாது.

வாழ்வு முறையும் இதையே சொல்கிறது. எழுவான்கரை மணல்நிலம். தென்னை, தோட்டப் பயிர், மீன்பிடி ஆகியவை இக்கரையின் தொழில்கள். களுதாவளை வெற்றிலைக்குப் பெயர்போனது. நெல் விளையும் பெருவட்டைகள் படுவான்கரையில். எழுவான்கரைக் குடும்பங்களுக்கு அக்கரையில் வயல் இருப்பதும், விதைப்புக்கும் வெட்டுக்கும் வாவி கடப்பதும் மட்டக்களப்பில் யாரும் வியக்காத வழக்கம். குருக்கள்மடத்திலிருந்து நேர் எதிரே அம்பிளாந்துறை. இரு துறைகளுக்கும் இடையே பாதைப் படகு ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் பள்ளிப்பிள்ளையும் அதில் ஒன்றாக ஏறுவது அன்றாடக் காட்சி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு வடக்கே ஒரு கடவை தீர்ந்தது. குருக்கள்மடத்துக்குத் துறை இன்னும் துறையாகவே இருக்கிறது.

இந்த ஒரே பற்று எப்போது வாவியோடு பிளந்தது? ஆண்டு எதையும் நான் இங்கு முன்மொழியவில்லை. பற்றின் தலைவராக இருந்த வன்னியனார் இடத்துக்குப் பிரிவு வருவாய் அதிகாரி வந்தார். அவருக்குப் பின் உதவி அரசாங்க அதிபர். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் பிரதேச செயலாளர். இந்த மாற்றங்களுக்கு இடையே பிளவு நடந்தது என்பது மட்டும் உறுதி. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது கல்முனை அதனோடு சென்றது. எழுவான்கரையில் எருவில் பற்று மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்முனையாகிவிட்டது. அதன் வடமுனையில் குருக்கள்மடம். வடக்கே கிரான்குளத்தோடு மண்முனைப் பற்று தொடங்குகிறது, மேற்கே வாவி, அதற்கப்பால் மண்முனை தென்மேற்கு, கிழக்கே கடல். மூன்று பக்கமும் எல்லை கொண்ட ஊர் இது.

கனேசலிங்கத்தின் ஆண்டெல்லை முடிவடையும் இடமும் கவனத்துக்குரியது. 1965இல் கிராம சபைகள் உயிரோடு இருந்தன. 1980இன் 35ஆம் இலக்க மாவட்ட அபிவிருத்திச் சபைகள் சட்டத்தோடு அவை மறைந்தன. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கி, உதவி அரசாங்க அதிபர் பிரிவையே சபையின் பரப்பாக ஏற்றது. முன்னர் ஊருக்கு ஊர் இருந்த மன்றங்களின் இடத்தில், களுவாஞ்சிகுடியை மையமாகக் கொண்ட ஒரே பெருஞ்சபை வந்தது. தேர்தலும் விகிதாசார முறைக்கு மாறி, வட்டாரமே இல்லாமல் போனது. 1994இலும் 2008இலும் மட்டக்களப்பில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் சபை முழுவதும் ஒரே தொகுதி. எங்கள் ஊர் உறுப்பினர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. இந்த இடைவெளியைப் பார்க்க 1965ஐத் தாண்டி வந்தால்தான் முடியும்.

2012இன் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வட்டாரத்தை மீட்டது. அதன்படி அமைக்கப்பட்ட தேசிய எல்லை நிர்ணயக் குழுவின் முடிவு 2015 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்தது. முறைப்பாடுகள் குவிந்தன. அசோக பீரிஸ் தலைமையிலான மீளாய்வுக் குழுவின் திருத்தங்கள் 2017 பெப்ரவரியில் வெளியாயின. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பில் 2018 பெப்ரவரி 10இலும், 2025 மே 6இலும் தேர்தல்கள் நடந்தன.

இந்த இடத்தில் இரண்டு சட்ட வாசகங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1946இன் சோல்பரி அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, மாகாணத்தைத் தேர்தல் தொகுதிகளாகப் பிரிக்கும் ஆணைக்குழு கருத்திற்கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது: போக்குவரத்து வசதி, இயற்கை அமைப்பு, மக்களின் பொது அல்லது வேறுபட்ட நலன்கள். இனம், மதம் முதலிய ஒன்றிணைப்பால் ஓரிடத்தில் செறிந்து வாழும் சிறுபான்மைக்கும் அப்பிரிவு வழி விட்டது. 2012இன் சட்டம் வட்டாரக் குழுவுக்குக் கொடுத்த பட்டியலோ இது: இன விகிதம், புவியியலும் இயற்கை அமைப்பும், மக்கள்தொகையும் அடர்த்தியும், பொருளாதார வளர்ச்சி நிலை. முன்னதில் முதலாவதாக நின்ற போக்குவரத்து பின்னதில் இல்லை. ஒன்று நாடாளுமன்றத் தொகுதிக்கானது, மற்றது வட்டாரத்துக்கானது. இரண்டையும் ஒப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் செறிந்து வாழும் சமூகங்களின் பிரதிநிதித்துவம் என்ற கருத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்து சேர்ந்திருக்கும்போது, போக்குவரத்து வழியில் உதிர்ந்ததை அளவு வேறுபாட்டால் மட்டும் விளக்க முடியாது.

இதன் விளைவு எருவில் பற்றில் கூர்மையாகத் தெரிகிறது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கத்தில் இன விகிதம் கோட்டுக்கு ஒரு திசை காட்டும். பெரும்பாலும் தமிழர் வாழும் எருவில் பற்றில் அது எதையும் பிரித்துக் காட்டாது. எஞ்சுவது மக்கள்தொகையும் இயற்கை அமைப்பும். இயற்கை அமைப்பைப் போக்குவரத்தோடு சேர்த்துப் படித்தால் வாவி ஒரு நீர்வழி. தனியே படித்தால் அது மதில். ஏ4 நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கும் ஊர்களைத் தலைக்கணக்கில் துண்டுபோடும் வேலையாகவே எல்லை நிர்ணயம் சுருங்குகிறது.

இங்கே என் வாதத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். போக்குவரத்தை 2012இன் பட்டியலில் சேர்த்திருந்தாலும் அம்பிளாந்துறையும் குருக்கள்மடமும் ஒரே வட்டாரத்தில் வந்திருக்கமாட்டா. வட்டாரக் குழு சபைக்கு உள்ளே மட்டுமே கோடு போடலாம். அம்பிளாந்துறை இருப்பது வேறு சபையில். உட்கோட்டை 2015இலும் 2017இலும் திருத்தினார்கள். வெளிக்கோடு, பற்றிலிருந்து வருவாய்ப் பிரிவுக்கும், அங்கிருந்து சபைக்கும் கைமாறி வந்த அந்தப் பழைய கோடு, இக்குழுக்களின் பணிக்கு வெளியே நின்றது. ஆகவே குருக்கள்மடத்தின் சிக்கல் முழுவதற்கும் 2012ஐக் குற்றஞ்சாட்ட முடியாது. துறையின் இக்கரை ஒரு சபையிலும் அக்கரை இன்னொரு சபையிலும் இருப்பதற்குக் காரணம் அதைவிடப் பழையது.

மகிந்த தேசப்பிரிய தலைமையிலான எல்லை நிர்ணயக் குழு 2023இல் கையளித்த அறிக்கை, நாடு முழுவதும் எண்ணாயிரத்தைத் தாண்டிய உறுப்பினர் தொகையை ஐயாயிரத்துக்குக் கீழே கொண்டுவர முன்மொழிகிறது. உறுப்பினர் குறைந்தால் வட்டாரம் பெரிதாகும். எருவில் பற்றில் பெரிதாகும் வட்டாரம் நெடுஞ்சாலை வழியே வடக்கு தெற்காகத்தான் நீள முடியும். மேற்கே திரும்ப அதற்கு வழி இல்லை. செலவைக் குறைக்கும் நோக்கம் தவறன்று. ஆனால் அடுத்த நிர்ணயத்துக்கு முன் இரண்டு திருத்தங்கள் செய்யப்பட வேண்டும். வட்டாரத்தை வகுக்கும் அளவுகோல்களில் போக்குவரத்தை, துறைகளையும் சேர்த்து, மீண்டும் எழுத வேண்டும். சபைகளின் வெளிக்கோட்டையும் மீளாய்வுக்கு உட்படுத்தும் அதிகாரம் குழுவுக்கு வேண்டும். அது இயலாவிட்டால், வாவி கடக்கும் துறைகளை இரு கரைச் சபைகளும் கூட்டாக நிர்வகிக்கச் சட்டம் வழி செய்ய வேண்டும். பற்று எந்த ஆண்டில் பிளந்தது என்பது தீராமலே இருக்கலாம். பிளவின் இரு கரையிலும் வயலும் வீடும் வைத்திருப்போருக்கு, துறையைப் பற்றிப் பேச ஒரு சபையாவது பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டு தேவையில்லை.