ஸவாது நிலமும் பின்வருவோரின் பங்கும்

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இத்தனை பேரை இப்பூமி தாங்குமா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. மக்கள் பெருக்கமே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்பர் சிலர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், எனவே கவலை வேண்டியதில்லை என்று பேச்சை முடித்துவிடுவர் வேறு சிலர். இவ்விரு சாராரும் அறிய வேண்டிய பாடம் ஒன்று இராக்கின் வரலாற்றில் இருக்கிறது.

தஜ்லா, ஃபுராத் எனும் இரு நதிகளுக்கு இடைப்பட்ட தென் இராக்கின் வண்டல் சமவெளியை அரபியர் 'ஸவாது' என்றனர். கருமை என்பது அதன் பொருள். பாலைவனத்திலிருந்து வருவோரின் கண்ணுக்கு அதன் பசுமை கருமையாகத் தெரிந்ததால் அப்பெயர் வந்தது. காதிஸிய்யாப் போருக்குப் பின் அந்நிலம் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது, அதைத் தமக்குள் பங்கிட்டுத் தருமாறு வீரர்கள் பலர் கோரினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். இன்றே பங்கிட்டுவிட்டால் நாளை பிறப்போருக்கு என்ன மிஞ்சும் என்பதே அவர்களின் வாதம். அல்ஹஷ்ர் அத்தியாயம் பின்வருவோரையும் சேர்த்துப் பேசுவதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். நிலம் உழவர்களிடமே விடப்பட்டது. அதற்குக் கராஜ் வரி விதிக்கப்பட்டது.

வரி விதிக்கு முன் நிலத்தை அளக்க உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரும் அனுப்பப்பட்டனர். தாம் தாக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்கூட உமர் (ரலி) அவர்கள், நிலம் தாங்க இயலாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று அவ்விருவரிடமும் விசாரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

நிலத்திற்குத் தாங்கும் எல்லை உண்டு. ஸவாதில் அவ்வெல்லை உப்பின் வடிவில் இருந்தது. பாசன நீரில் சிறிதளவு உப்பு கரைந்தே வருகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மண்ணில் தங்குகிறது. வடிகால் இன்றி இடைவிடாது நீர் பாய்ச்சினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அடியிலுள்ள உப்பும் மேலேறும். ஓராண்டு பயிரிட்டு மறு ஆண்டு தரிசாக விடும் பழைய வழக்கம் மண்ணுக்கு ஓய்வு தந்து இதைத் தணித்தது.

762இல் பாக்தாத் நிறுவப்பட்டது. அம்மாநகரின் பசிக்கும் அரண்மனைகளின் ஆடம்பரத்திற்கும் ஸவாதே விளைச்சலும் வரியும் தர வேண்டியிருந்தது. பஸ்ராவை அடுத்த நிலங்களில் உப்பேறிய மேல்மண்ணை அகற்றும் கொடிய வேலையில் கிழக்கு ஆப்பிரிக்க அடிமைகள் ஈடுபடுத்தப்பட்டனர். 869இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஸன்ஜ் கிளர்ச்சி எனப்படும் அப்போர் 883 வரை நீடித்துத் தென் இராக்கைச் சீரழித்தது. 937இல் அதிகாரப் போட்டியில் எதிரிப் படையைத் தடுப்பதற்காக, பெரும் பாசன ஆதாரமான நஹ்ரவான் கால்வாயின் கரையே உடைக்கப்பட்டது.

945இல் பாக்தாதைக் கைப்பற்றிய புவைஹிகள், சம்பளத்துக்கு ஈடாகப் படைவீரர்களுக்கு நிலங்களின் வருவாயைப் பங்கிட்டளித்தனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் உமர் (ரலி) அவர்கள் எதற்கு அஞ்சினார்களோ, அது நடந்தேறியது. வீரர்கள் கால்வாய்களைப் பேணாமல் நிலத்தைக் கசக்கிப் பிழிந்தனர். பாழானதும் வேறு நிலம் கேட்டனர் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹ்.

ஸவாதின் அழிவுக்கு 1258இல் படையெடுத்த ஹுலாகுவையே நாம் காரணம் காட்டிப் பழகியிருக்கிறோம். அவன் வருவதற்கு வெகு முன்பே பல கால்வாய்கள் தூர்ந்து, வயல்கள் உப்பால் வெளுத்திருந்தன.

எனவே, மக்கள்தொகையை மட்டும் குறை கூறுவோருக்கு நாம் சொல்வது இது: கால்வாய்கள் பேணப்பட்ட காலமெல்லாம் அதே நிலம் பெருந்திரளான மக்களுக்குச் சோறிட்டது. ரிஸ்க்கைக் காரணம் காட்டி அமைதி அடைவோருக்குச் சொல்வது: ரிஸ்க்கின் மீது நம்மினும் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்த உமர் (ரலி) அவர்களே நிலத்தை அளந்தார்கள், அதன் தாங்கும் அளவை விசாரித்தார்கள். நம் கிணற்று நீரிலும் விளைநிலத்திலும் இன்னும் பிறவாத நம் சந்ததியருக்குப் பங்குண்டு. அப்பங்கை உண்டுவிடாத மக்களாக வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.