மோர்ட்டன் குடாவின் மீன்பிடி வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு வலைக்கும் வரலாறு உண்டு. ஒரு மீனுக்கும் வரலாறு உண்டு. கடலை நம்பி வாழ்ந்த மக்களின் கதையை அவற்றைக் கொண்டே அறியலாம். இன்றைய உரையில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பிரிஸ்பேன் நகரை ஒட்டியுள்ள மோர்ட்டன் குடாவின் மீன்பிடி வரலாற்றைக் காண்போம்.

இக்குடா வெப்ப மண்டலத்திற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது. பரப்பளவு ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ 7 மீட்டர்தான். கிழக்கே மோர்ட்டன் தீவும் வட ஸ்டிராட்புரோக் தீவும் அரண்போல் நின்று பெருங்கடலின் அலைகளைத் தடுக்கின்றன. ஆழமில்லாத நீரின் அடிவரை வெயில் எட்டுவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கின்றது. கரையோரங்களில், நம் நாட்டில் பாக்காவ் என்று சொல்கிறோமே, அத்தகைய சதுப்புக் காடுகள் உள்ளன. கடற்புல்லும் சதுப்புக் காடும் இருக்குமிடத்தில் மீன் குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் குறைவிராது.

வட ஸ்டிராட்புரோக் தீவில் மனிதர் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்ததற்கு அகழ்வாய்வுச் சான்று கிடைத்துள்ளது. அக்காலத்தில் இந்தக் குடாவே இல்லை; அது வெறும் சமவெளியாக இருந்தது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் குடா இன்றைய வடிவத்தைப் பெற்றது. கடல் அம்மக்களைத் தேடி வந்தது எனலாம். நுனுக்கல், கோயன்புல், ஙூகி என்னும் குலங்களைச் சேர்ந்த இவர்களைக் குவாண்டமூக்கா மக்கள் என்பர். அவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடுகளாகக் குவிந்து இன்றும் சாட்சி கூறுகின்றன.

அவர்களுடைய முக்கியமான மீன் மடவை. மலாய் மொழியில் பெலானாக் என்பது இவ்வினமே. குளிர்காலம் நெருங்கும்போது மடவை மீன்கள் முட்டையிடுவதற்காகப் பெருங்கூட்டமாகத் திரண்டு கரையோரமாகவே நீந்திச் செல்லும். அந்த வேளையில் நடந்த மீன்பிடிப்பு வியப்புக்குரியது. கூட்டம் வருவதைக் கண்டவுடன் ஒருவர் நீருக்குள் இறங்கி ஈட்டியால் மணலைக் குத்தி ஓசை எழுப்புவார். தூரத்தில் திரியும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், கரையை நோக்கி விரைந்து வரும். வெளிப்புறம் ஓங்கில்கள், உட்புறம் கைவலையும் ஈட்டியும் ஏந்திய மனிதர்கள். இடையில் அகப்பட்ட மீன்களுக்குத் தப்ப வழியில்லை. ஓங்கில்கள் தம் பங்கை உண்ணும். ஈட்டி முனையில் நீட்டப்பட்ட மீனையும் அச்சமின்றி வாங்கிக்கொள்ளும். இதனை ஃபேர்ஹோம் என்பவர் 1856-ஆம் ஆண்டில் லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஏட்டில் பதிவு செய்துள்ளார். தம் நினைவுக்கு எட்டிய நாள் முதலே இப்படித்தான் மீன் பிடித்து வருகிறோம் என்று அங்கிருந்த முதியவர்கள் கூறினார்களாம்.

இம்மக்களின் மீன் வெள்ளையர்களின் உயிரையும் காத்தது. 1823-ஆம் ஆண்டில் சிட்னியிலிருந்து மரம் ஏற்றிவரப் புறப்பட்ட ஒரு படகு புயலில் சிக்கியது. நால்வரில் ஒருவர் தாகத்தால் மாண்டார். பாம்ஃப்லெட், ஃபின்னகன், பார்சன்ஸ் என்ற மற்ற மூவரும் மோர்ட்டன் தீவில் கரையேறினர். தாங்கள் சிட்னிக்குத் தெற்கே இருப்பதாக அவர்கள் எண்ணினர். உண்மையில் வெகுதூரம் வடக்கே இருந்தனர். பல மாதங்கள் அவர்களுக்கு மீனும் கிழங்கும் அளித்துக் காப்பாற்றியவர்கள் அந்தக் கரையின் பழங்குடி மக்களே. அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் நில அளவையாளர் ஜான் ஆக்ஸ்லி பாம்ஃப்லெட்டைக் கண்டார். மறுநாள் வந்து சேர்ந்த ஃபின்னகன் வழிகாட்ட, ஆக்ஸ்லி பிரிஸ்பேன் ஆற்றை அடைந்தார். அடுத்த ஆண்டே அங்குக் கைதிகள் குடியேற்றம் நிறுவப்பட்டது. உணவளித்தவர்களின் நிலம் இவ்வாறு கைமாறத் தொடங்கியது.

1842-இல் பொதுமக்கள் குடியேற அனுமதி கிடைத்தபின் மீன்பிடிப்பு வணிகமாயிற்று. கடற்புல்லை மேயும் கடற்பசுவே அதற்கு முதல் இரையாயிற்று. மலாய் மொழியில் டூயோங் எனப்படும் இவ்விலங்கின் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயை, காட் மீன் எண்ணெய்க்கு ஈடான மருந்தாக வில்லியம் ஹாப்ஸ் என்ற மருத்துவர் 1850-களில் பரப்பினார். தோலுக்கும் எலும்புக்கும்கூட விலை கிடைத்தது. பழங்குடி மக்களும் கடற்பசுவை வேட்டையாடியவர்களே. ஆனால் அது அவர்களின் தேவைக்குள் அடங்கியிருந்தது. வணிகத்திற்கோ அந்த எல்லை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடவை மீன் ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. கடற்பசுவோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். முதல் கன்றை ஈனவே பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகிவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் பிடித்தால் எது முதலில் அழியும் என்பது சொல்லாமலே விளங்கும். சில பத்தாண்டுகளில் மந்தைகள் மெலிந்தன. 1969-இல்தான் குவீன்ஸ்லாந்தில் கடற்பசுவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. இன்று ஒரு பெருநகரத்தின் வாசலிலேயே கடற்பசுக்கள் மந்தையாக மேய்வதைக் காணக்கூடிய அரிய இடமாக மோர்ட்டன் குடா விளங்குகின்றது.

1950-களில் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகள் பெருகின. அவை கழித்து எறியும் மீன்களை உண்ண ஓங்கில்கள் பின்தொடர்ந்தன. 1990-களின் இறுதியில் ஆராய்ந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். குடாவின் ஓங்கில்கள், படகின் பின்னே செல்பவை, செல்லாதவை என இரண்டு சமூகங்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேராமல் வாழ்ந்தன. பின்னர் இழுவைத் தொழில் குறைந்தது. 1993-இல் அமைக்கப்பட்ட கடற் பூங்காவில், மீன் பிடிக்கக் கூடாத பகுதி 2009-இல் 16 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் ஆராய்ந்தபோது அவ்விரண்டு சமூகங்களும் மீண்டும் கலந்து பழகுவது தெரிய வந்தது. மனிதன் வலை வீசும் முறை கடல்வாழ் உயிர்களின் உறவையே பிரிக்கவும் சேர்க்கவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2011-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் வட ஸ்டிராட்புரோக் தீவிலும் அதைச் சூழ்ந்த கடற்பகுதிகளிலும் குவாண்டமூக்கா மக்களின் பூர்வீக உரிமையை ஏற்றது. 2019-இல் மோர்ட்டன் தீவுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. எனினும் குடாவின் துன்பம் முற்றாகத் தீரவில்லை. 2011-இலும் 2022-இலும் ஏற்பட்ட பெருவெள்ளங்கள் ஆற்றின் வழியே ஏராளமான சேற்றைக் குடாவில் கொண்டு சேர்த்தன. நீர் கலங்கினால் வெயில் அடிவரை எட்டாது. வெயில் எட்டாவிட்டால் கடற்புல் வாடும். புல் வாடினால் மீனும் இறாலும் கடற்பசுவும் வாடும். ஆகவே கடலைக் காக்கும் பணி கரையில், ஆற்றங்கரை உழவரின் நிலத்திலேயே தொடங்குகின்றது.

நேயர்களே, ஆழமற்ற கடல் கையால் அள்ளிவிடக்கூடிய செல்வம். அதனாலேயே விரைவில் தீர்ந்துவிடக்கூடிய செல்வமும் ஆகும். ஓங்கிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஈட்டி முனையில் மீனை நீட்டிய அந்த மக்கள் ஏட்டுக் கல்வி கற்றவர்கள் அல்லர். ஆயினும் பகிர்ந்து உண்டால்தான் நாளையும் மீன் கிடைக்கும் என்பதை அறிந்திருந்தனர். சதுப்புக் கரைகளும் மீனவர் கிராமங்களும் சூழ்ந்த நாட்டில் வாழும் நாமும் இதனை எண்ணிப் பார்ப்போமாக.