பேய் தேடிப் போனவர்கள்: ஹைகேட் கல்லறைத் தோட்டம், 1970

நான் லண்டனில் நர்ஸ். என் வேலையில் பாதி நைட் டியூட்டி. அதனால் ஊருக்குப் போனாலும் சரி, இங்கே ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "ஆஸ்பத்திரியில பேய் பாத்திருக்கீங்களா சிஸ்டர்?" இல்லை. ஆனால் பேய் தேடிப் போனவர்கள் செய்துவைத்த காரியங்களைக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

படிக்கவைத்தது என் மகன். பதினைந்து வயது. போன அக்டோபரில் கூட்டாளிகளோடு ஹைகேட் கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து, ராத்திரியில் வீடியோ எடுக்கத் திட்டம் போட்டிருந்தான். பேயைக் கண்டுபிடிக்க போனில் ஒரு 'மீட்டர்' ஆப் வேறு. நான் டிக்கெட் வாங்கிப் பகலில் கூட்டிப்போனேன். திட்டியது அதற்கு முன்பே முடிந்திருந்தது.

அந்தத் தோட்டம் பயமுறுத்துவதற்காகக் கட்டப்பட்டதல்ல. 1830களில் லண்டனில் புதைக்க இடமில்லை. கோயில் வளாகங்களில் பழைய பெட்டியின் மேலேயே புதுப் பெட்டியை இறக்கினார்கள். 1831-32இல் காலரா வந்தது. நகரத்துக்கு வெளியே கல்லறைத் தோட்டம் அமைக்கத் தனியார் கம்பெனிகளுக்கு நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அப்படி வந்த ஏழில் ஒன்று ஹைகேட். 1839 மே மாதம் திறந்தார்கள். முதல் அடக்கம் சோஹோவைச் சேர்ந்த எலிசபெத் ஜாக்சன், வயது 36. எகிப்திய பாணியில் ஒரு வாசல். அதைத் தாண்டினால், நடுவில் நின்ற லெபனோன் கேதுரு மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல்லறை அறைகள். பைபிளில் மட்டுமே படித்திருந்த மரம். நான் போனபோது அது இல்லை, 2019இல் வெட்டிவிட்டார்களாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கம்பெனிக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு குழியை ஒருமுறைதான் விற்கலாம். புல்லோ வருடாவருடம் வளரும். விற்க இடம் குறையக் குறைய வருமானம் போனது. 1960இல் அது இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது, அவர்களாலும் முடியவில்லை. தானாக முளைத்த மரங்கள் கல்லறைகளைப் பிளந்தன, அறைக்கதவுகள் உடைந்தன. டிராகுலா சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். இத்தனையும் ஆன பிறகுதான் பேய் வருகிறது.

1970 பிப்ரவரியில் டேவிட் ஃபாரன்ட் என்ற இளைஞர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லறைத் தோட்டத்தருகே சாம்பல் நிற உருவம் ஒன்றைப் பார்த்தேன், வேறு யாராவது பார்த்தீர்களா என்று. பார்த்தவர்கள் எழுதினார்கள்: தொப்பி போட்ட உயரமான ஆள், சைக்கிளில் போகும் ஆவி, வெள்ளை உடைப் பெண், கம்பிக்குப் பின்னால் ஒரு முகம், தானாக அடிக்கும் மணி. ஒருவர் பார்த்தது இன்னொருவர் பார்த்ததைப்போல இல்லை. அதே மாதம் வேறொருவர், அது ருமேனியப் பக்கமிருந்து சவப்பெட்டியில் வந்த ரத்தக்காட்டேரி என்று சொல்ல, பத்திரிகை அதையும் போட்டது. செத்துக்கிடந்த நரிகள்கூட சாட்சியாகிவிட்டன. லண்டன் நரிகளுக்குக் குளிர்காலம் இணை சேரும் காலம். டியூட்டி முடிந்து விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெண் நரி கத்துவதைக் கேட்டிருக்கிறேன்; யாரையோ கொலை செய்கிறார்கள் என்றே தோன்றும்.

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மாலையில் ஐடிவி இதைப் பேட்டியாகக் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்குள் லண்டனின் பல பக்கங்களிலிருந்தும் கூட்டம் வந்து கேட்டிலும் சுவரிலும் ஏறியது. போலீசால் தடுக்க முடியவில்லை. இருட்டில் ஒரே ஒரு சின்ன வெளிச்சத்தையே உற்றுப் பார்த்தால், அசையாத வெளிச்சமும் அசைவதுபோலத் தெரியும். நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே அன்று எத்தனை டார்ச், எத்தனை ஜோடிக் கண்கள்!

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆகஸ்டில் பள்ளி மாணவிகள் அங்கே ஒரு பெண்ணின் உடலைக் கண்டார்கள். எப்போதோ அடக்கம் செய்யப்பட்டவர். தலை இல்லை, உடல் எரிந்திருந்தது. அதே மாதம் பக்கத்துத் தேவாலய வளாகத்தில் ஃபாரன்டைச் சிலுவையோடும் கூரிய மரக்கட்டையோடும் போலீஸ் பிடித்தது, நீதிமன்றம் விடுவித்தது. 1974இல் நினைவுச்சின்னங்களைச் சேதப்படுத்தியதாகவும் இறந்தவர்களின் உடல்களில் கைவைத்ததாகவும் அவர் சிறைக்குப் போனார். செய்தது தான் இல்லை, சாத்தானை வழிபடுகிறவர்கள் என்று அவர் சொன்னார். யார் செய்திருந்தாலும் அந்த அம்மாவுக்கு நடந்தது நடந்ததுதான்.

இது முதல் தடவையும் அல்ல. கவிஞர் ரொசெட்டி 1862இல் தன் மனைவி எலிசபெத் சிடாலின் பெட்டியில் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை வைத்து அடக்கம் செய்தார். ஏழு வருடம் கழித்து அது திரும்ப வேண்டும் என்று ஆள் வைத்துத் தோண்டினார். இரவில், பக்கத்தில் தீ மூட்டி. அவர் போகவில்லை. அவளுடைய முடி வளர்ந்து பெட்டியை நிறைத்திருந்தது என்று ஒரு கதை கட்டினார்கள். செத்தபிறகு முடி வளராது. தோல் சுருங்கி உள்வாங்குவதால் நகமும் முடியும் நீண்டதுபோலத் தெரியும், அவ்வளவுதான். வயிற்றில் வாயு சேர்ந்து உடல் உப்பும், வாயோரம் சிவந்த நீர் வழியும். 'ரத்தம் குடித்த' உடலை அந்தக் காலத்துக் கிராமத்தார் கண்டது இதைத்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு துண்டு எடுத்துத் துடைக்க வேண்டியதுதான்.

நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். உயிர் போனபின் முகம் கழுவி, கண்ணை மூடி, "உங்களைத் திருப்பப்போகிறோம்" என்று பெயரைச் சொல்லிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவோம்.

இருட்டில் கல்லறைக்குப் போகாமல் வளர்ந்தவள் அல்ல நான். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வெள்ளையடித்து, மாலை போட்டு, பொழுது சாய மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வருவார். நாங்கள் பிள்ளைகள் உருகிய மெழுகைச் சேர்த்துப் பந்து உருட்டுவோம். தாத்தாவின் மேல் உட்காராதே என்று பாட்டி அதட்டுவாள். பேய் என்ற பேச்சே யாருக்கும் வந்ததில்லை. அங்கே படுத்திருந்தவர்களெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்.

1975இல் ஹைகேட்டின் மேற்குப் பகுதியை மூடிவிட்டார்கள். அதே வருடம் அக்கம்பக்கத்தவர்கள் ஒரு நண்பர்கள் சங்கம் தொடங்கிப் புதர் வெட்டினார்கள், கல் நிமிர்த்தினார்கள். இன்று மகனோடு நாம் நடந்துபோகிற பாதை அவர்கள் வெட்டித் தந்தது.

வெளியே வரும்போது மகன் கேட்டான்: "அந்தத் தலையில்லாத லேடிக்குப் பேர் என்னம்மா?" நான் படித்த எதிலும் அது இல்லை என்றேன். ஆப்பை அவன் அழித்தானா என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு டியூட்டி. மூன்று மணிக்கு எங்கள் வார்டில் ஒரு பாட்டி இறந்துபோனார். மணிக்கட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று பெயர்ப்பட்டை கட்டினேன். இரண்டிலும் எழுத்தைச் சரிபார்த்துவிட்டு, விளக்கைக் குறைத்தேன்.